பைத்தியம்னு எழுதி வாங்கினா தூக்கு போயிடுமா?

குன்னூர் வாசகர், 11 அக்டோபர் 2025, இரவு 9.40

சென்னை முகலிவாக்கம் குழந்தை கேஸ்ல கீழ்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தூக்கு குடுத்த ஆள இந்த வாரம் சுப்ரீம் கோர்ட் வெளிய விட்டுருச்சு. இனிமே எவன் என்ன பண்ணினாலும் ஒரு சைக்காலஜிஸ்ட்ட பிடிச்சு மனசு சரியில்லன்னு எழுதி வாங்கினா போதும் போல. அரை மணி நேரம் பேசிட்டு ஒரு டாக்டர் எழுதற காகிதத்துக்கு ஜட்ஜ் ஏன் தலையாட்டணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோத்தகிரி கிழவன், 12 அக்டோபர், காலை 6.50

முதல்ல ஒண்ணு. அந்த ஆளு வெளிய வந்ததுக்கும் மனநல ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லீங்க. போலீஸ் காட்டின சாட்சியம் ஒண்ணோட ஒண்ணு கோர்க்கல, சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கலன்னு விடுதலை. கோவம் வர்றது நியாயம்தான், எனக்கும் வந்துச்சு, ஆனா சைக்காலஜிஸ்ட் மேல ஏன் பாயறீங்க, அவரு அந்தப் பக்கமே வரல.

நான் யாருன்னு கேட்டா, நன்னடத்தை அலுவலரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். டாக்டரும் இல்ல, வக்கீலும் இல்ல. ஆயுள் கைதிங்களோட பரோல், முன்விடுதலை ஃபைல் வந்தா ஜெயில்ல ஆளப் பாத்து, ஊருக்குப் போய் வீடு வாசல் பாத்து, நாலு பேர்கிட்ட விசாரிச்சு ரிப்போர்ட் எழுதற உத்தியோகம். தூக்கு கேஸ் என் சர்வீஸ்ல ஒண்ணுகூட வரல. தமிழ்நாட்டுல கடைசியா தூக்குல போட்டது 1995 ஏப்ரல்ல சேலம் ஜெயில்ல ஆட்டோ சங்கரத்தான். அதனால நான் சொல்றதுல பாதி படிச்சது, பாதி பட்டது.

12 அக்டோபர், காலை 11.15

பச்சத் தேயிலை எடை போட்டுட்டு வந்தாச்சு, விலைய மட்டும் கேக்காதீங்க.

உங்க கேள்வில நாலு சமாச்சாரம் ஒண்ணா கலந்து கெடக்கு. குத்தம் செஞ்ச அந்த நேரத்துல புத்தி பேதலிச்சு என்ன செய்றோம்னே தெரியாம இருந்தானாங்கறது ஒண்ணு, அது இந்திய தண்டனைச் சட்டத்துல 84வது பிரிவு, அத நிரூபிச்சா குத்தமே கிடையாது, ஆனா நிரூபிக்கற பாரம் அவன் தலையில, ஜெயிச்சவன் ரொம்ப ரொம்பக் கம்மி. அடுத்தது, விசாரணை நடக்கறப்ப கோர்ட்ல என்ன நடக்குதுன்னு அவனுக்குப் புரியுதா, வக்கீல்கிட்ட பேச முடியுதா, இல்லன்னா விசாரணைய நிறுத்தி வெச்சு வைத்தியம் பாக்கணும். மூணாவது, குத்தவாளின்னு தீர்ப்பு சொன்னப்புறம் தூக்கா ஆயுளான்னு எடை போடறப்ப இந்த ஆளு எங்க இருந்து வந்தான், எப்படி இப்படி ஆனான், திருந்தறதுக்கு வழி இருக்கான்னு பாக்கறது. கடைசியா, தூக்கு உறுதியாகி கருணை மனுவும் தள்ளுபடியாகி கயித்துக்குக் காத்துட்டு இருக்கறப்ப புத்தி கலங்கிப் போனா என்ன செய்யறதுங்கறது. அதுக்கு 2014 ஜனவரில சத்ருகன் சௌஹான் கேஸ்ல பதில் சொல்லிட்டாங்க, மனநோய் முத்தினவன தூக்குல போடக்கூடாது, ஆயுளா மாத்தணும், தூக்குக் கைதிங்கள மனநல டாக்டர் அப்பப்ப பாக்கணும், மனு தள்ளுபடின்னு சொன்னதுக்கும் தூக்குக்கும் நடுவுல 14 நாளாவது இடைவெளி வேணும்னு. அன்னைக்கு ஒரே தீர்ப்புல 15 பேருக்கு தூக்கு ஆயுளாச்சு, நிறைய பேருக்கு காரணம் கருணை மனுவ வருஷக்கணக்கா கிடப்புல போட்டது.

நீங்க கேக்கறது மூணாவது. அங்க பைத்தியமா இல்லையாங்கற கேள்வியே இல்ல. சர்டிபிகேட்டும் கிடையாது. அங்க கேக்கறது ஒரு மனுஷனோட கதைய.

12 அக்டோபர், இரவு 10.05

இன்னொண்ணு, ஐக்யூ 70க்குக் கீழ இருந்தா தூக்கு போடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, 2002லயே வந்தாச்சு. அதனால டெஸ்ட் வெக்கறது ஏமாத்து வேலைன்னு சொல்லாதீங்க.

14 அக்டோபர், காலை 7.30

மேல எழுதினது தப்பு. 2002ங்கறது அமெரிக்கா, அட்கின்ஸ் கேஸ், அதுல அறிவுத்திறன் குறைபாடு உள்ளவனுக்கு மரண தண்டனை கூடாதுன்னாங்க, 70ங்கற கோடு சில மாநிலங்க போட்டுக்கிட்டது. பேரன் படிச்சுட்டு "தாத்தா நீங்க வாஷிங்டன்லயா சர்வீஸ் பண்ணீங்க"ன்னு கேட்டான். நம்ம நாட்டுல அப்படி ஒரு கோடு எங்கயும் போடல, அறிவுத்திறன் குறைபாடு இருந்தா தண்டனைய கம்மி பண்ற காரணங்கள்ல ஒண்ணா அதையும் வெச்சு ஜட்ஜ் பாப்பாரு, அவ்ளோதான். அங்கயும் அந்தக் கோட்ட வெச்சு கூத்து நடந்துருக்கு, 71 எடுத்தான்னு சொல்லி ஒருத்தன ஃப்ளோரிடா மாநிலம் சாவுக்கே அனுப்பப் பாத்துச்சு, ஒரு மார்க் கூடப் போனதுக்கு உயிரு. டெஸ்ட்டுன்னா முன்ன பின்ன அஞ்சு மார்க் வித்தியாசம் வரும், அத மறைச்சு கோடு போடக்கூடாதுன்னு 2014ல அங்க சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. நம்ம ஊர்ல பத்தாவது பரீட்சைக்கே மறுகூட்டல் இருக்கு.

84ன்னு எழுதினதுக்கும் ஒரு தம்பி திருத்தம் போட்டுருக்காரு, 2024 ஜூலைல இருந்து புது சட்டத்துல அது 22. சரி தம்பி. எனக்கு இந்த ஜென்மத்துக்கு 84, கொலைக்கு 302, தூக்குக்கு தனிக் காரணம் எழுதச் சொல்ற 354 கீழ் 3தான் வாயில வரும்.

15 அக்டோபர், மாலை 5.20

அரை மணி நேரம் பேசிட்டு எழுதற காகிதம்னு சொன்னீங்களே, அதுக்கு வர்றேன். இதுல நீங்க பாதி சரி.

ஒரு மனநல டாக்டர் ஆளப் பாக்கறப்ப முதல்ல கேக்கறது இன்னைக்கு என்ன கிழமை, இது எந்த ஊரு, நான் யாரு. அப்புறம் நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுட்டே வா. ஒரு பழமொழி சொல்லி அர்த்தம் கேப்பாங்க. ரோட்டுல ஸ்டாம்ப் ஒட்டின கவர் கெடந்தா என்ன பண்ணுவேன்னு கேப்பாங்க, அது தீர்மானிக்கற புத்தி எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு. போஸ்ட் பாக்ஸ்ல போடுவேன்னா சரி. ஒரு தடவ பந்தலூர் பக்கத்து பணியர் பழங்குடி ஆளு ஒருத்தருக்கு இத கேட்டப்ப நான் கூட உக்காந்துருந்தேன், திருட்டு கேஸ்தான், பெரிய கேஸ் இல்ல. அவரு கொஞ்ச நேரம் டேபிளப் பாத்துட்டு "எடுக்க மாட்டேன் சார், எடுத்தா அடிப்பாங்க"ன்னாரு. டாக்டர் 'தீர்மானத் திறன் குறைவு'ன்னு குறிச்சுக்கிட்டாரு. எனக்கு அந்த ரூம்ல அவருக்குத்தான் புத்தி ஜாஸ்தின்னு தோணுச்சு. அவரு வாழ்க்கைல கீழ கெடக்கறத எடுத்தவன அடிச்சுருக்காங்க, அவரு அதத்தான் சொன்னாரு. கிழமை கேட்டதுக்கும் தெரியலன்னாரு, கூலி குடுக்கற நாள மட்டும் சரியா சொன்னாரு. அவங்க பேச்சு மலையாளமும் இல்ல தமிழும் இல்ல, டாக்டர் தமிழ்ல கேட்டாரு, பாதிக்கு நான் தப்பும் தவறுமா மொழிபெயர்த்தேன். அந்த ரிப்போர்ட்ல மொழிபெயர்ப்பாளர்னு என் பேர் இல்ல, அப்படி ஒரு ஆள் இருந்ததாவே இல்ல.

அதனால அரை மணி நேர ரிப்போர்ட் ஆபத்துதான். ஆனா அது ரெண்டு பக்கமும் ஆபத்து, தப்பிக்க விடறதுக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க.

ஒழுங்கா செஞ்சா எப்படி இருக்கும்னா, பினே காமத் டெஸ்ட்டோ, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு கட்டை அடுக்கற மாதிரி பாட்டியா பேட்டரியோ வெச்சு புத்தி அளவு பாக்கறதோட நிக்காது, வைன்லேண்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல கேள்வி கைதிகிட்டயே இல்ல, அம்மாகிட்டயோ அக்காகிட்டயோ. எத்தன வயசுல தானா சாப்பிட்டான், கடைக்குப் போய் மீதிக் காசு எண்ணி வாங்கிட்டு வருவானா, தனியா பஸ் ஏறிப் போவானா. குறைபாடு வளர்ற வயசுலயே இருந்துச்சான்னு தெரியணும், அதுக்கு ஸ்கூல் ரிஜிஸ்டர தேடணும், எத்தன வருஷம் ஒரே கிளாஸ்ல உக்காந்தான்னு அதுல இருக்கும். எஸ்டேட் ஸ்கூல் மூடியே இருவது வருஷம் ஆயிருக்கும், ரிஜிஸ்டர் எங்கன்னு யாருக்குத் தெரியும். இதெல்லாம் ஒரு நாள்ல ஆகற வேலையா?

மனநோய் இருக்கற மாதிரி நடிச்சா என்ன பண்றதுன்னும் கேட்டிருந்தாங்க. நடிக்கறவன் இருக்கான், அதுக்குத்தான் வார்டுல வெச்சு நாள் கணக்குல பாக்கறது, தூக்கத்துல கூட நடிக்க முடியாது. ஆனா நான் பாத்ததுல ஒளிக்கறவங்கதான் ஜாஸ்தி. பைத்தியம்னு பேர் விழுந்தா பிளாக்ல மத்தவங்க படுத்தற பாடு தாங்காது, மாத்திரை போட்டா நாள் பூரா மந்தமா கெடக்கணும், அதனால ராத்திரி காதுல குரல் கேக்குதுன்னு எவனும் வார்டன்கிட்ட போய்ச் சொல்ல மாட்டான்.

17 அக்டோபர், மதியம் 2.45

ஜட்ஜ் ஏன் தலையாட்டணும்? ஆட்ட வேண்டாங்க. நிபுணர் சொல்றது கருத்துதான், கட்டளை இல்ல. ஜட்ஜ் படிச்சுட்டு ஒத்துக்காம போகலாம், காரணம் எழுதினா போதும்.

ஆனா கேட்டு வாங்காம இருக்கக் கூடாது. 1980ல பச்சன் சிங் கேஸ்ல அஞ்சு ஜட்ஜ் உக்காந்து, ஒருத்தர் மட்டும் மாறுபட, தூக்கு அரிதிலும் அரிதான கேஸுக்கு மட்டும்தான்னு சொன்னாங்கல்ல, அது எல்லாருக்கும் தெரியும். அதே தீர்ப்புல இன்னொண்ணும் இருக்கு. இவன் திருந்த மாட்டான், வெளிய விட்டா மறுபடி செய்வான்னு சாட்சியத்தோட காட்ட வேண்டியது அரசாங்கம். இத ரொம்ப பேர் படிக்கறதே இல்ல. அதுக்கப்புறம் எத்தன கோர்ட்ல என்ன நடந்துச்சுன்னா, மத்தியானம் குத்தவாளின்னு சொல்லி, சாயங்காலம் "தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா"ன்னு கேட்டு, அவன் "வயசான அம்மா இருக்காங்க, குழந்த இருக்கு ஐயா"ன்னு சொல்ல, முடிஞ்சுது. மத்தியப் பிரதேசத்துல ஒரு கேஸ்ல விசாரணை மொத்தமும் 13 நாள்ல முடிச்சு தூக்கு, 2019ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணி முதல்ல இருந்து நடத்துன்னுச்சு. பதிமூணு நாள்ல நம்ம ஊர்ல ரேஷன் கார்டுல பேர் சேக்க முடியாது.

42 வருஷம் கழிச்சு 2022 மே மாசம் மனோஜ் கேஸ். இந்தோர்ல ஒரே வீட்டுல மூணு பொம்பளைங்கள கொன்ன கேஸ், கொடூரம்தான். அதுலதான் இத விதியாவே எழுதி வெச்சாங்க. தூக்கு குடுக்கற அளவு கேஸ்னா விசாரணைக் கோர்ட் நிலையிலயே அரசாங்கம் அந்த ஆளோட மனநல மதிப்பீட்ட தாக்கல் பண்ணணும், சின்ன வயசு, வீட்டுல அடி உதை இருந்துச்சா, படிப்பு, வருமானம், மனநோய் ஏதும் இருந்துச்சா எல்லாம் கொண்டு வரணும், ஜெயில்ல எப்படி நடந்துக்கறான்னு ரிப்போர்ட், வருஷம் ரொம்ப ஓடியிருந்தா புதுசா ஒரு மனநல ரிப்போர்ட். குத்தம் நடந்த கிட்டத்துலயே பாக்கச் சொன்னதுக்குக் காரணம், பத்து வருஷம் கழிச்சுப் பாத்தா நோய் முன்னாடியே இருந்துச்சா ஜெயில்ல வந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த மூணு பேருக்கும் தூக்கு போய் குறைஞ்சது 25 வருஷம் உள்ள.

உள்ள. வெளிய இல்ல. இத அடிக்கோடு போட்டுப் படிங்க குன்னூர்காரரே.

19 அக்டோபர், இரவு 8.10

மரம் விழுந்து கரண்ட் இல்ல, போன்ல 11 சதம் சார்ஜ். வர்க்கி எந்த பேக்கரில நல்லா இருக்கும்னு இங்க யாரோ கேட்டுருக்காங்க, இந்த இழைல இது ஒண்ணுதான் பாக்கி. தீபாவளி வாழ்த்து எல்லாருக்கும்.

22 அக்டோபர், காலை 9.00

இப்ப நானே என் பக்கத்த ஒடைக்கறேன். நிபுணர் வந்தா நல்லதுன்னு மேல எழுதினேன். டெக்சாஸ்ல கிரிக்சன்னு ஒரு மனநல டாக்டர் இருந்தாரு, ஊர்ல அவருக்கு வெச்ச பேரே டாக்டர் சாவு. அங்க மரண தண்டனை குடுக்கணும்னா இவன் வருங்காலத்துலயும் ஆபத்தானவனான்னு ஜூரிகிட்ட கேக்கணும், இவரு அரசு பக்கம் சாட்சிக் கூண்டுல ஏறி நூத்துக்கு நூறு ஆபத்தானவன்னு சொல்லிட்டு இறங்கிடுவாரு, நிறைய கேஸ்ல ஆள நேர்ல பாத்ததுகூட இல்ல. 1983ல பேர்ஃபுட்ங்கறவன் கேஸ்ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே கோர்ட்டுக்கு வந்து, இந்த மாதிரி ஜோசியத்துல மூணுல ரெண்டு தப்பாத்தான் போகும்னு எழுதிக் குடுத்துச்சு. கோர்ட் கேக்கல. அடுத்த வருஷம் அவனுக்கு தண்டனைய நிறைவேத்திட்டாங்க. கிரிக்சன் மறுபடி கொல்லுவான்னு அடிச்சுச் சொன்ன இன்னொருத்தன், ராண்டல் ஆடம்ஸ், கொலையே அவன் செய்யலன்னு தெரிஞ்சு 1989ல வெளிய வந்தான். 1995ல சங்கம் கிரிக்சன வெளிய தள்ளுச்சு. அதுக்குள்ள எத்தன பேரோ.

இன்னொரு கேஸ்ல, கைதி பக்கம் அவன் வக்கீலே கூப்பிட்ட சைக்காலஜிஸ்ட், கறுப்பனா இருக்கறதால ஆபத்து ஜாஸ்தின்னு சொன்னாரு. 2017ல அங்க சுப்ரீம் கோர்ட் அத தூக்கி எறிஞ்சுது. அமெரிக்காக்காரன் மோசம்னு சிரிக்க வேண்டாம். நான் விசாரணைக்குப் போற இடத்துல எல்லாம் டீக்கடைல முதல் பதில் "அவனுங்க ஆளுங்களே அப்படித்தான் சார்". குற்றப் பரம்பரைன்னு 1871ல வெள்ளைக்காரன் சட்டம் போட்டு ஜாதி ஜாதியா கைரேகை வெச்ச ஊரு இது. அந்த டீக்கடைப் பேச்ச ரிப்போர்ட் தமிழ்ல எழுதினா 'அப்பகுதியில் விசாரித்த வகையில்'னு ஆகிடும். நானும் எழுதியிருக்கேன்.

23 அக்டோபர், இரவு 11.50

தூக்கம் வரல. நேத்து 'நானும் எழுதியிருக்கேன்'னு போட்டுட்டு அப்படியே போக முடியல.

2006 வாக்குல. சேரம்பாடி பக்கம் லயன் வீட்டுக்காரன் ஒருத்தன், சிலோன்ல இருந்து சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்த குடும்பம், சீட்டாட்டத்துல தகராறாகி தேயிலை கழிக்கற கவ்வாத்து கத்தியால ஒருத்தர வெட்டி ஆள் செத்து, ஆயுள். பத்து வருஷத்துக்கு மேல உள்ள இருந்துட்டான், முன்விடுதலைக்கு ஃபைல் வந்துச்சு. கீழ ஜெயிலுக்குப் போய் ஆளப் பாத்தேன், இருவது நிமிஷம் இருக்கும், எனக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸப் பிடிக்கணும். கேட்டதுல உருப்படியான கேள்வி ஒண்ணுதான். "கோவம் வருமா உனக்கு?" "வரும் சார்"ன்னான். மத்தவன் எல்லாம் "இப்பல்லாம் வர்றதில்ல சார், தியானம் பண்றேன்"ம்பான், இவன் வரும்னான். ஊர்ல டீக்கடை, கங்காணி, இன்னும் ரெண்டு பேரு, எல்லாரும் சின்ன வயசுல இருந்தே மொரட்டுப் பயன்னாங்க. எழுதினேன், 'மூர்க்க குணமுள்ளவர், முன்கோபி, திருந்தியதாகத் தெரியவில்லை'. கையெழுத்து, சீல். விடுதலை கிடைக்கல. என் ரிப்போர்ட் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அது அந்த ஃபைல்ல இருந்துச்சு.

ஒன்றரை வருஷம் கழிச்சு வேற ஃபைலுக்காக அதே பக்கம் போயிருந்தேன். நாடுகாணி கிட்ட ரோட்டுல யானை நின்னு கடைசி பஸ் வரல. இருட்டிப் போச்சு. அவனோட அக்கா அடையாளம் கண்டுபிடிச்சு வீட்டுக்குள்ள கூப்பிட்டாங்க, என்ன எழுதினேன்னு அவங்களுக்குத் தெரியாது. பிளேன்டீ குடுத்தாங்க, வெல்லக் கட்டி ஒண்ணு உள்ளங்கைல வெச்சாங்க. செவுத்துல ஒரு போட்டோ, பத்து வயசுப் பையன், ஸ்கூல் டவுசர். நல்லாப் படிப்பானாம். பதினோரு வயசுல அப்பாவோட சில்வர் ஓக் கிளை கழிக்கப் போனவன் மேல இருந்து விழுந்துட்டான். காதுல ரத்தம். எஸ்டேட் லாரில தூக்கிட்டுப் போயிருக்காங்க, மூணு நாள் நினைவு இல்ல. எந்திரிச்சப்புறம் ஸ்கூலுக்குப் போகல, தலைக்குள்ள வண்டு கத்துதும்பானாம், பாத்திரம் கீழ விழுந்தா எகிறி அடிக்க வருவானாம், அஞ்சு நிமிஷம் கழிச்சு எதுக்கு அடிச்சேன்னு அழுவானாம். "விழுந்தவன் ஒருத்தன் சார், எந்திரிச்சவன் வேற ஒருத்தன்"ன்னாங்க.

நெத்திக்குப் பின்னால மூளைல அடிபட்டா கோவத்த அடக்கற கடிவாளம் போயிடும்னு பின்னாடி ஒரு டாக்டர் எனக்கு சொன்னாரு, பல நேரம் ஸ்கேன்ல கூடத் தெரியாதாம், அதுக்குன்னு டெஸ்ட் தனியா வெக்கணும். அந்தக் கதை போலீஸ் ஃபைல்ல இல்ல, தீர்ப்புல இல்ல, வக்கீல் கேக்கல, நானும் கேக்கல. யானை கேட்டு வெச்சுது.

மறுபடி ஃபைல் வந்தா எழுதலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எனக்கு டிரான்ஸ்ஃபர். ஒரு லெட்டர் போட்டிருக்கலாம். போடல.

24 அக்டோபர், காலை 7.05

ராத்திரி எழுதினத அழிக்கலாமான்னு பாத்தேன், ஏற்கனவே நாலு பேர் பதில் போட்டாச்சு. இருக்கட்டும்.

25 அக்டோபர், மாலை 6.30

கூடலூர் தங்கச்சி கேட்டது இது. "அண்ணா, வெட்டினவன் தலைல அடிபட்ட கதைய இவ்ளோ எழுதினீங்க. வெட்டுப்பட்டு செத்தவருக்கு யாரு ரிப்போர்ட் எழுதினா?"

யாரும் எழுதலம்மா. முன்விடுதலை ஃபைலுக்கு செத்தவங்க வீட்டுலயும் ஆட்சேபணை இருக்கான்னு கேக்கணும், அவங்க வாசலுக்கும் நான்தான் போவேன். செருப்பக் கழட்டி உள்ள போறதா வெளியவே நின்னு கேக்கறதான்னு ஒவ்வொரு தடவையும் தடுமாறுவேன். அந்த சேரம்பாடி கேஸ்ல செத்தவரோட சம்சாரம் கொழுந்து மூட்டைய இறக்கி வெச்சுட்டு, "அவன் வந்தா இவரு வந்துருவாரா, வரட்டும் வராம போகட்டும், என்ன கேக்காதீங்க"ன்னுட்டு முதுகத் திருப்பிட்டாங்க. நான் 'ஆட்சேபணை இல்லை'ன்னு எழுதினேன். அது ஆட்சேபணை இல்லைங்கறதா என்ன? உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. மனநல ரிப்போர்ட் அதுக்குப் பதில்னும் நான் சொல்ல வரல.

26 அக்டோபர், காலை 10.40

அரசாங்கமே ரிப்போர்ட் குடுத்தா நேர்மையா குடுக்குமான்னு ஒருத்தர். நல்ல கேள்வி, உள்ளூர்ச் சரக்கே இருக்கு. 2009ல கடலூர் மாவட்டத்துல ஏழு வயசுப் பையன கடத்திக் கொன்ன கேஸ். 2013ல சுப்ரீம் கோர்ட்டே தூக்க உறுதி பண்ணிச்சு, அதுல ஒரு காரணமா ஒரே ஆம்பளப் புள்ளைய கொன்னுட்டான், வம்சம் அத்துப் போச்சுன்னு எழுதியிருந்தாங்க. மறுசீராய்வுல 2023 மார்ச்சுல அதே கோர்ட், செத்த குழந்தை ஆணா பொண்ணாங்கறது கணக்கே இல்ல, அப்படிப் பேசறது தப்புன்னு சொல்லி, கீழ இருந்து மேல வரைக்கும் ஒரு கோர்ட்டும் இவன் பக்கத்து விவரம் எதையும் கேட்டு வாங்கலன்னு சொல்லி தூக்க மாத்தி, குறைப்பு இல்லாம 20 வருஷத்துக்குக் குறையாத ஆயுள் ஆக்குச்சு. அங்கதான் வேடிக்கை, கைதியோட ஜெயில் நடத்தை பத்தி போலீஸ் தாக்கல் பண்ணின பிரமாணப் பத்திரத்துல அவனுக்கு சாதகமான விவரத்த காணோம், ஜெயில்ல இருந்தே கேட்டரிங் டிப்ளமோ முடிச்சுருக்கான், ரத்தக்கொதிப்புக்கு மருந்து சாப்பிடறான், அது எதுவும் இல்ல. இன்ஸ்பெக்டர் மேல கோர்ட் அவமதிப்பு நோட்டீஸே போச்சு.

தப்பிச்சு ஓடப் பாத்ததும் அதே ஆளுதான், அதையும் சொல்லிடறேன், இல்லன்னா நானும் அந்த இன்ஸ்பெக்டர் மாதிரி ஆயிடுவேன்.

30 அக்டோபர், மதியம் 12.20

குன்னூர்காரர் திரும்ப வந்துருக்காரு, "பழைய கேஸுக்கு எல்லாம் இந்த மனோஜ் விதி பொருந்தாதே"ன்னு. பொருந்தும். 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, எல்லாப் படியும் முடிஞ்சு போன தூக்கு கேஸா இருந்தாலும் மனோஜ் விதிப்படி நடக்கலன்னா தண்டனைய மட்டும் மறுபடி பாக்கலாம்னு. அந்தக் கேஸ் நாக்பூர், 2008ல நாலு வயசுப் பொண்ணு. எழுதவே கை கூசுது. ஆனா விதின்னா கூசற கேஸுக்கும் சேத்துத்தான், இல்லாட்டி அது விதி இல்ல.

சரி விதி வந்தாச்சு, செய்யறதுக்கு ஆள் எங்க? டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துல பிராஜெக்ட் 39ஏன்னு ஒரு குழு 88 தூக்குக் கைதிங்கள உக்காந்து பேசி 2021ல வெளியிட்டாங்க, 62.2 சதம் பேருக்கு ஏதோ ஒரு மனநோய், 11 சதம் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு. அவங்க கேஸ் நடந்தப்ப இத யாரும் பாக்கல. ஒவ்வொருத்தரயும் பல தடவ பாத்து, வீட்டாளுங்களயும் தேடிப் போய்ப் பேசியிருக்காங்க. இங்க மலைல மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டர் வர்ற நாள் பாத்து கூடலூர்ல இருந்தும் மஞ்சூர்ல இருந்தும் வரிசைல நிக்கறாங்க, அதுக்கு நடுவுல போலீஸ் ஜீப்புல விலங்கோட ஒருத்தன இறக்கி "சார் கொஞ்சம் அவசரம், சாயங்காலத்துக்குள்ள ஒரு ரிப்போர்ட்"ன்னா அந்த டாக்டர் என்ன பண்ணுவாரு? கிழமை கேப்பாரு, நூறுல ஏழு கழிக்கச் சொல்லுவாரு. ஸ்டாம்ப் ஒட்டின கவர். இந்தக் காலத்துல ஸ்டாம்ப எவன் பாத்தான்.

என் பேரன்கிட்ட அந்த கவர் கேள்வியக் கேட்டேன். "போட்டோ எடுத்து குரூப்ல போடுவேன் தாத்தா"ன்னான். மார்க் போடுங்க பாப்போம்.

3 நவம்பர், இரவு 9.15

பழைய டைரில தேடி அந்த சேரம்பாடி அக்கா வீட்டு நம்பரப் பிடிச்சேன். அக்கா இப்ப இல்லையாம், மூணு வருஷம் ஆச்சாம். அவங்க பையன் எடுத்தான். மாமா வெளிய வந்து பல வருஷம் ஆச்சு, இங்கதான் இருக்காரு, மாடு பாத்துக்கறாரு, வீட்டுல டிவிய சத்தமா வெக்க மாட்டோம்னான். நான் நன்னடத்தை ஆபீஸ்ல இருந்தவன்னு சொன்னேன். அந்தப் பக்கம் போன கையால மூடிக்கிட்டு ஏதோ பேசறது கேட்டுச்சு. திரும்ப வந்து, "மாமா கேக்கறாரு, கோவம் வருமான்னு கேட்ட சாரான்னு."

ஆமா, அந்த சாருதான்னு சொன்னேன்.